நாயும் உடன் வருமா?

(பேரையூரில் இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



'புலம்பெயர்வும் தமிழிலக்கியமும்' என்னும் பொருளில் பேசுமாறு வட்டத்தார் என்னைப் பணித்திருந்தனர். கடல்போன்ற பொருள் அது. அரைமணி நேரத்தில் அதை நீந்திக் கடக்கும் வல்லமை எனக்கில்லை. ஆதலால் அதன் ஒரு கரையோரத்தை மட்டும் எடுத்துக்கொண்டேன். ஊரைவிட்டுப் போகிறவன் தன் வீட்டு நாயை என்ன செய்கிறான் என்பதே இன்று நான் பேச வந்த செய்தி. சிலர் சிரிக்கிறீர்கள். இப்பொருளை முதன்முதலில் என்முன் வைத்தவரும் சிரித்துக்கொண்டேதான் வைத்தார்.

அவர் என் தமக்கையார். சாப்டூர் போகும் சாலையில் தோட்டத்து வீட்டில் தனியே வாழ்பவர். அத்தான் மறைந்து ஆறாண்டுகள் ஆகின்றன. ஒரே மகன் பிரிட்டனில், வேல்ஸ் பகுதியின் நாட்டுப்புறம் ஒன்றில் மருத்துவன். அந்நாட்டுக் குடியுரிமையும் பெற்றுவிட்டான். ஒருநாள் தொலைபேசியில், "அம்மா, எல்லாத்தையும் முடிச்சுட்டு இங்க வந்துருங்க. இதுவும் பட்டிக்காடுதான். சன்னலைத் திறந்தா ஆடும் புல்லும்தான் தெரியும்" என்றான். தமக்கையார் சற்று நேரம் பேசாதிருந்துவிட்டுக் கேட்டார்: "நாய்க?"

அவரிடம் நான்கு நாய்கள். இரண்டு சிப்பிப்பாறை, ஒன்று சிப்பிப்பாறையும் நாட்டுநாயும் கலந்தது, நான்காவது, மழைக்காலத்து இரவொன்றில் தானே வந்து திண்ணையில் படுத்துக்கொண்ட தெருநாய். மருமகன் அக்கேள்வியை ஒரு முதியவளின் சாக்காகவே எடுத்துக்கொண்டான். "பக்கத்து வீட்டுல விட்டுட்டு வாங்கம்மா" என்றான். அவனுக்கு அப்போது விளங்காத ஒன்று எனக்கும் சில நாள் கழித்தே விளங்கிற்று. நாயைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுப் போகிறவன் திரும்பி வருகிறவன். நாயையும் கூட்டிக்கொண்டு போகிறவன் இனித் திரும்புவதில்லை என்று முடிவு செய்தவன். 'நாய்கள் என்னாகும்' என்று தமக்கையார் கேட்டது, 'நான் திரும்பி வருவேனா' என்று கேட்டதற்குச் சமம்.

இந்த அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு நம் நாட்டு இடப்பெயர்வுகளைப் பார்த்தால் சில செய்திகள் தெளிவாகின்றன.

கால்நடையாகப் போன காலத்தில் இக்கேள்வி எழவேயில்லை. மனிதன் நடந்தான்; மாடு நடந்தது; நாயும் நடந்தது. அறுவடை முடிந்ததும் இராமநாதபுரம் சீமையிலிருந்து செம்மறிக் கூட்டங்களை ஓட்டிக்கொண்டு வந்து நம் பக்கத்து நிலங்களில் கிடை போடுகிற கீதாரிகளைப் பாருங்கள். குடும்பமும் கூடையும் குட்டிகளை அடைக்கும் கூண்டும் உடன் வரும், நாய்களும் வரும். நாயை ஊரில் விட்டுவருவது அவர்களுக்கு நினைத்தும் பார்க்க இயலாத செயல். கிடை எங்கே இருக்கிறதோ அங்கேதான் அவர்களுக்கு வீடு. நாய் எங்கே காவல் கிடக்கிறதோ அதுவே அவ்வீட்டின் வாசல்.

தெலுங்கு நாட்டிலிருந்து தெற்கே வந்த குடிகளின் கதையும் இத்தகையதே. கி. ராஜநாராயணன் 1976ஆம் ஆண்டில் வெளியிட்ட 'கோபல்ல கிராமம்' அத்தகைய வருகை ஒன்றின் கதை. இராஜபாளையத்து வெள்ளை நாய்கள் விஜயநகரக் காலத்தில் வடக்கேயிருந்து வந்த குடிகளோடு வந்தவை என்பது அப்பகுதியின் வாய்மொழி வழக்கு. இதற்குச் செப்பேட்டுச் சான்று கேட்டால் நான் காட்ட இயலாது. ஆனால் ஒரு சமூகம் தன் வருகைக் கதையை நாயையும் சேர்த்தே சொல்கிறது என்பது எனக்குப் போதும். திரும்பிப் போகும் எண்ணத்தோடு வந்தவர்கள் அவர்கள் அல்லர்.

கன்னி என்று வழங்கும் கரிசல்காட்டு வேட்டைநாய்க்கு அப்பெயர் வந்ததற்குச் சொல்லப்படும் காரணங்களுள் ஒன்றையும் இங்கே குறிப்பிட வேண்டும். மணமாகிப் போகும் கன்னிப் பெண்ணுக்குச் சீராகக் கொடுத்தனுப்பிய நாயாதலால் அது கன்னி ஆயிற்று என்பர். பெயர்க்காரணம் உண்மையோ பொய்யோ, அக்கற்பனை அழகானது. ஐந்து கல் தொலைவோ ஐம்பது கல் தொலைவோ, பிறந்த வீட்டைவிட்டுப் போகிற பெண்ணுக்கு அதுதான் முதல் குடிபெயர்வு. அவள் குரலை ஏற்கெனவே அறிந்த ஓர் உயிரேனும் அப்புதிய வாசலில் இருக்கட்டும் என்று யாரோ ஒரு தகப்பன் எண்ணியிருக்கிறான்.

நம் நாட்டு நாய்கள் மனிதரோடு கடல்தாண்டியும் மலைதாண்டியும் போனது புதிய செய்தியன்று. பாபிலோனை ஆண்ட பாரசீக ஆளுநன் ஒருவன் இந்திய நாய்களைப் பெருந்திரளாக வளர்த்தான் என்றும், சமவெளியில் இருந்த நான்கு பெரிய கிராமங்களுக்கு மற்ற வரிகளை நீக்கி, அந்நாய்களுக்குத் தீனி அளிப்பதையே வரியாக விதித்தான் என்றும் கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரடோட்டஸ் கி.மு. ஐந்தாம் நூற்றாண்டில் எழுதிவைத்தார். அக்கிராமத்தார் இதை வரமாகக் கருதினரா, சாபமாகக் கருதினரா என்று அவர் சொல்லவில்லை. பஞ்சாபில் அலெக்சாந்தருக்கு 150 வேட்டைநாய்களைச் சிற்றரசன் ஒருவன் பரிசளித்ததாகவும் கிரேக்கர் எழுதினர்.

இவற்றினும் என் நெஞ்சைத் தொட்டது எகிப்து நாட்டுச் செய்தி. கி.மு. மூன்றாம் நூற்றாண்டில், தாலமி மன்னனின் நிதியமைச்சருக்குரிய பெரும்பண்ணை ஒன்றை ஃபாயூம் பகுதியில் மேற்பார்வை செய்தவன் ஜேனான் என்ற கிரேக்கன். அவனிடம் தாவ்ரோன் என்ற வேட்டைநாய் இருந்தது. காட்டுப்பன்றி ஒன்று அவன்மேல் பாய்ந்தபோது நாய் குறுக்கே விழுந்து அதைக் கொன்று, தானும் மாண்டது. அதன் கல்லறையில் பொறிப்பதற்கென எழுதப்பட்ட இரு கவிதைகள் பாப்பிரசுத் தாளில் நமக்குக் கிடைத்துள்ளன. அந்த நாயை இந்திய நாய் என்றே கவிஞன் குறிக்கிறான். எந்த ஊர்க் குட்டியோ, எந்த வணிகன் கையில் போயிற்றோ! அயல்நாட்டுப் பண்ணை மண்ணில் அது அடங்கிற்று.

நம்மிடமும் அத்தகைய கல் உண்டு. திருவண்ணாமலை மாவட்டம் சாத்தனூர் அணைப் பக்கம் எடுத்தனூரில் உள்ள நடுகல், முதலாம் மகேந்திரவர்மனின் முப்பத்து நான்காம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. எருமைகளைக் காக்கப் பொருது வீழ்ந்த கருந்தேவக்கத்தி என்னும் வீரனின் உருவத்தோடு அவனுடைய நாயின் உருவமும் அதில் செதுக்கப்பட்டிருக்கிறது. நாயின் பெயர் கோவிவன். கள்வர் இருவரைக் கடித்து அது காவல் நின்றதைக் கல்வெட்டு தனியே சொல்கிறது. ஏழாம் நூற்றாண்டில் நாய்க்குப் பெயரெழுதிய கல்! நம் பாடநூல்கள் இதனை ஒரு வரியேனும் சொல்லலாம்.

இவ்விடத்தில் ஒரு விந்தைச் செய்தியைச் சொல்லிவிட்டு மேலே போகிறேன். ஆஸ்திரேலியக் காட்டுநாயாகிய டிங்கோ இந்தியாவிலிருந்து மனிதரோடு போனதாக இருக்கலாம் என்று 2013இல் வெளிவந்த மரபணு ஆய்வொன்று கருத்துரைத்தது. பின்வந்த ஆய்வுகள் அதை ஏற்கவில்லை. கிழக்காசிய, தென்கிழக்காசிய நாய்களோடுதான் அதற்கு உறவு அதிகம் என்கின்றன. அந்நாட்டில் காலம் கணிக்கப்பட்ட மிகப் பழைய டிங்கோ எலும்புகள் ஏறத்தாழ 3,200 ஆண்டுகளுக்கு முற்பட்டவை. அவை கிடைத்த குகையின் பெயர் மதுரா குகை! பெயரொற்றுமையைக் கண்டதும் நம் மதுரையோடு முடிச்சுப் போடத் துடிக்கும் நண்பர்கள் இவ்வவையிலும் இருப்பீர்கள். வேண்டாம், அந்த வேலையில் நான் உங்களுக்குத் துணை வரமாட்டேன்.

இனிக் கடலுக்கு வருவோம். நாய் பின்தங்கியது அங்கேதான்.

மதுரைச் சீமையிலிருந்தும் இராமநாதபுரம், திருச்சிச் சீமைகளிலிருந்தும் இலங்கையின் காப்பித் தோட்டங்களுக்கும், பின்னர்த் தேயிலைத் தோட்டங்களுக்கும் நம் மக்கள் போனார்கள். 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் தொடர்பு ஏற்பட்டது. ஏறுமுன் மண்டபம் முகாமில் மனிதர்களையே அடைத்துவைத்துச் சோதித்தார்கள். நோய் இல்லை என்று கண்ட பிறகே அக்கரைக்கு விட்டார்கள். குவாரண்டைன் என்ற சொல் நம் பக்கத்து மக்கள் காதில் விழுந்தது அங்கேதான். மனிதனே ஐயத்திற்குரிய சரக்காகி நின்ற வரிசையில் நாய்க்கு ஏது இடம்? போனவர்களுள் பலரும் சில ஆண்டுகளில் திரும்பிவிடுவோம் என்றெண்ணியே போனவர்கள். நாயை அண்ணன் வீட்டிலோ மாமன் வீட்டிலோ விட்டுவிட்டுத்தான் போயிருப்பார்கள். அளவுகோல் இங்கும் பொய்க்கவில்லை. அவர்கள் நினைத்ததைத்தான் நாய் காட்டிற்று. நடந்தது வேறு. பேரன் காலம்வரை அங்கேயே கழிந்தது.

1964 அக்டோபர் 30இல் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், 5,25,000 பேரை இந்தியா ஏற்கும், 3,00,000 பேரை இலங்கை ஏற்கும் என்றது. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் பாதிப்பாதியாகப் பிரித்துக்கொண்டன. அத்தாயகம் திரும்பியோர் ஏறிவந்த இரயிலுக்கு மலையகத்தார் 'அழுகைக் கோச்சி' என்று பெயரிட்டனர். அவ்வண்டியில் வந்து நம் மாவட்டத்தில் குடியமர்ந்த மூதாட்டி ஒருவரிடம் பல ஆண்டுகளுக்கு முன் பேசிக்கொண்டிருந்தேன். ஒப்பந்தம், வாக்குரிமை, குடியுரிமை ஆகியவற்றைப் பற்றி நான் கேட்டவற்றிற்கெல்லாம் ஓரிரு சொற்களில் விடை சொன்னார். தோட்டத்து லயத்து நாயைப் பற்றி நான் கேட்கவேயில்லை, அவரே சொன்னார். நிலையம்வரை பின்னால் வந்ததாம். கல்லெடுத்து எறிந்து விரட்டினாராம். "கல்லு பட்டுருச்சு தம்பி" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

அன்பர்களே, மலையக மக்களின் துயரை எழுதிய கவிதைகளும் கதைகளும் நம்மிடம் இருக்கின்றன. ஆயினும் நாய் என்ற சொல்லை நம் இலக்கியம் பெரும்பாலும் எங்கே வைத்திருக்கிறது? நமக்கு அருகில் உள்ள திருவாதவூரில் பிறந்த மாணிக்கவாசகர் முதலாகப் பத்தர்கள் தம்மைத் தாழ்த்திக்கொள்ள எடுத்தாண்ட சொல் அது. மற்றவரைத் தாழ்த்த நாம் எடுத்தாளும் சொல்லும் அதுவே. நாலடியார் ஒன்று விதிவிலக்கு. பழகிய பாகனையே கொல்லும் யானையையும், எறிந்த வேல் உடலில் கிடக்கும்போதும் வாலாட்டும் நாயையும் அருகருகே வைத்து, நட்புக்கு எது தகும் என்று அது காட்டுகிறது. அந்த மூதாட்டி எறிந்த கல்லை நினைக்கும்போது எனக்கு அப்பாடல் முன்போல் இனிப்பதில்லை.

நாயை விட்டுவிட்டு உள்ளே வா என்ற ஆணையை முதலில் கேட்டவன் தருமன். மகாபாரதத்தின் இறுதியில், உடன்பிறந்தாரும் பாஞ்சாலியும் ஒவ்வொருவராக வழியில் வீழ்ந்தபின், ஒரு நாய் மட்டும் அவனோடு நடக்கிறது. விண்ணகத்தில் நாய்க்கு இடமில்லை என்கிறான் இந்திரன். அடைக்கலமாக வந்ததைக் கைவிட்டுப் பெறும் விண்ணகம் வேண்டாம் என்கிறான் தருமன். வில்லிபுத்தூரார் பாரதம் பத்துப் பருவங்களோடு போர்முடிவில் நின்றுவிடுவதால், அதை மட்டும் படிப்போர்க்கு இந்த நாய் கிட்டாது; நல்லாப்பிள்ளை பாரதத்திற்குத்தான் போகவேண்டும். அந்த நாய் அறக்கடவுளே என்று பின்னர் வெளிப்படுவது எனக்கு அவ்வளவாக உவப்பில்லை. வெறும் நாயாகவே இருந்து, இருவரும் உள்ளே போயிருக்கலாம்.

நம் காலத்திலும் அவ்வாறு வாசலில் நின்றவர்கள் உண்டு. 2022இல் உக்ரைன் போர் மூண்டபோது, அங்கே மருத்துவம் பயின்ற இடுக்கி மாவட்டத்து மாணவி ஒருவர், தம் நாய்க்குட்டியை விட்டுவர மறுத்து, எல்லையை நோக்கிப் பல கிலோமீட்டர் அதைச் சுமந்துகொண்டே நடந்து, ஊர் கொண்டுவந்து சேர்த்ததைச் செய்தித்தாள்களில் படித்திருப்பீர்கள். உடைமைகளைக் குறைத்துக்கொண்டு குட்டியைச் சுமந்த அம்மாணவியைக் கேலி செய்தவர்களும் இருந்தனர்.

நிற்க. தமக்கையாரின் நாய்களுக்கு வருகிறேன். விதிகளை எல்லாம் தேடிப் படித்தவன் நானே.

ஒரு காலத்தில் எந்த நாயாயினும் பிரிட்டனுக்குள் நுழைந்தால் ஆறு மாதம் அடைபட்டுக் கிடக்கவேண்டும். முதல் உலகப்போரிலிருந்து திரும்பிய படையினர் மறைத்துக் கொண்டுவந்த நாய்களால் அந்நாட்டில் ஒழிந்திருந்த வெறிநோய் மீண்டும் பரவியது. 1922இல்தான் அதை மறுபடி ஒழித்தார்கள். அந்த அச்சம் நெடுங்காலம் நீடித்தது. 2000 முதல் சில நாடுகளுக்கு விதி தளர்ந்தது. நம்மைப்போன்ற நாடுகளுக்கு 2012இல் தளர்ந்தது. இப்போது நாயின் தோலுக்கடியில் மைக்ரோசிப் பொருத்தவேண்டும். அதன்பின் வெறிநோய்த் தடுப்பூசி. முப்பது நாள் கழித்து இரத்தம் எடுத்து ஒப்புதல் பெற்ற ஆய்வுக்கூடத்திற்கு அனுப்பவேண்டும். எதிர்ப்பாற்றல் மில்லிலிட்டருக்கு 0.5 அலகேனும் இருக்கவேண்டும். இரத்தம் எடுத்த நாளிலிருந்து மூன்று மாதம் காத்திருந்து, நாடாப்புழு மருந்தும் கொடுத்து, சான்றிதழோடு விமானச் சரக்கறையில் அனுப்பலாம். ஒருவர் ஐந்து விலங்குகள்வரை கொண்டுபோகலாம். அதற்கு மேற்பட்டால் பொதுவாக அது வணிகமாகவே கருதப்படும். உரியவரும் நாய்களுக்கு ஐந்து நாள் முன்போ பின்போ பயணம் செய்யவேண்டும்.

நான்குதான் என்பதால் அக்காவுக்கு மகிழ்ச்சி. ஆனால் வேறொரு கவலையை மருமகன் கிளப்பினான். வேல்ஸ் எங்கும் ஆட்டுப்பண்ணைகள். ஆட்டை விரட்டும் நாயின் உடைமையாளர் 1953ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றவாளி. வேறு வழியில்லாதபோது பண்ணைக்காரர் அந்நாயைச் சுடவும் 1971ஆம் ஆண்டுச் சட்டம் இடம் தருகிறது. முயல் வேட்டையோ 2004ஆம் ஆண்டுச் சட்டத்தால் தடை செய்யப்பட்டது. முயலைக் கண்டால் காற்றாய்ப் பறக்கும் சிப்பிப்பாறை அங்கே போய் வாரில் கட்டுண்டு நடக்கவேண்டும். இதைச் சொன்னபோது, "இங்க மட்டும் முயல் பிடிக்க விடுறாகளா?" என்றார் தமக்கையார். உண்மைதான். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்திற்குப் பிறகு வேட்டைநாய் என்பது நம்மிடமும் ஒரு பெயரே.

சிப் பொருத்தினோம். ஊசி போட்டோம். இரத்தம் போயிற்று. முடிவு வந்தது: நான்கும் தேறிவிட்டன. திண்ணையில் வந்து படுத்த தெருநாய்க்குத்தான் எண் எல்லாவற்றிலும் அதிகம். தமக்கையார் தெருவெல்லாம் இதைச் சொல்லிவந்தார்.

அதன் பிறகே அவருடைய விசாவைப் பற்றி விசாரித்தோம். இதை முன்னரே செய்திருக்க வேண்டாமா என்று நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. தாயை மகன் அழைத்துக்கொள்வதில் என்ன தடை இருக்கப்போகிறது என்றே நாங்கள் அனைவரும் எண்ணியிருந்தோம். 2012 ஜூலையில் அந்நாடு விதியை மாற்றிவிட்டது. பெற்றோரை நிலையாக அழைத்துக்கொள்ள வேண்டுமானால், முதுமையாலோ நோயாலோ ஊனத்தாலோ தம் அன்றாட வேலைகளைக்கூடத் தாமே செய்ய இயலாதவராக அவர் இருக்கவேண்டும். அதற்கு வேண்டிய பராமரிப்பு, மகன் பணம் அனுப்பினாலும் சொந்த நாட்டில் கிடைக்காது என்றும் மெய்ப்பிக்க வேண்டும். தமக்கையார் அறுபத்தாறு வயதில் தாமே தண்ணீர் பாய்ச்சுகிறவர். அவருக்குக் கிடைக்கக்கூடியது பார்வையாளர் விசா மட்டுமே. ஒருமுறைக்கு ஆறு மாதத்திற்கு மிகாது தங்கலாம்.

இதை அவரிடம் எவ்வாறு சொல்வது என்று நான் இரண்டு நாள் தயங்கினேன். சொன்னபோது அவர் மடியில் கிடந்த நாயின் காதில் உண்ணி பார்த்துக்கொண்டிருந்தார். "அதுகளுக்கு நோய் இல்லைன்னு காட்டணும். எனக்கு நோய் இருக்குன்னு காட்டணுமா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். என்னால் சிரிக்க முடியவில்லை. விதி எழுதியவர்களுக்கும் ஏதோ காரணம் இருந்திருக்கும். மருத்துவச் செலவு, மக்கள்தொகை என்று அடுக்குவார்கள். நான் அறிந்தது இவ்வளவே: நான்கு நாய்கள் போகலாம், அவற்றை வளர்த்தவர் நிலைத்துத் தங்கப் போகமுடியாது.

சென்ற சித்திரையில் மூன்று மாதம் போய்வந்தார். ஆறு மாதப் பயணத்திற்காக நான்கு நாய்களைச் சரக்கறையில் ஏற்றி இறக்குவதற்கு அவர் மனம் ஒப்பவில்லை. பக்கத்துத் தோட்டத்தாரிடம் விட்டுவிட்டுத்தான் போனார். மகன் சொன்ன யோசனையே கடைசியில் நடந்தது. ஆனால் இப்போது அதன் பொருள் அவனுக்குத் தெரியும். வேல்ஸ் பண்ணைக்காரர் ஒருவர் சீழ்க்கையால் மட்டும் ஏவி நாயைக் கொண்டு நூறு ஆடுகளைத் திருப்பியதைத்தான் ஊர் வந்து பெரிதாகச் சொன்னார். நம் கீதாரிகளின் சீழ்க்கை அதற்கு இளைத்ததன்று என்றும் சொன்னார்.

சில வாரங்களுக்கு முன் நான் போயிருந்தபோது கால்நடை மருத்துவர் வந்து நான்கு நாய்களுக்கும் தடுப்பூசி போட்டுக்கொண்டிருந்தார். தவணை தவறாமல் ஊசி போட்டுவந்தால் பழைய இரத்தச் சோதனை செல்லும். ஒருமுறை தவறினால் மீண்டும் முதலிலிருந்து தொடங்கவேண்டும். அந்தக் கணக்கை எனக்கு விளக்கியவர் தமக்கையார்தான். போவதில்லை என்று ஆனபின் இந்தக் கணக்கு எதற்கு அக்கா என்று கேட்டேன்.

"விதி மாறுனாலும் மாறும் தம்பி. அன்னைக்கு இதுக மறுபடி மூணு மாசம் காத்துக் கிடக்கணுமா?" என்றார்.

சான்றிதழ்களை மடித்துத் தம் கடவுச்சீட்டு இருக்கும் அதே தகரப் பெட்டியில் வைத்தார். அடுத்த ஊசி வரும் ஆண்டு ஆடி மாதம்.